ஒரெகோ, எபிதுமெயோ: இரண்டு கிரேக்க ஆசைகள்

புதிய ஏற்பாட்டின் 1 தீமோத்தேயு 3:1இல் ஒரெகோ, எபிதுமெயோ என்னும் இரண்டு கிரேக்க வினைச்சொற்களும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. சபையின் கண்காணிப்புப் பொறுப்பை நாடுவதற்கு ஒரெகோ. நல்ல வேலையை விரும்புவதற்கு எபிதுமெயோ. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இரண்டு இடத்திலும் 'விரும்பு' என்றே இருப்பதால், வேறுபாடு நம் கண்ணில் படுவதில்லை.

ஒரெகோவின் அடிப்படைப் பொருள் கை நீட்டுவது. பண்டைய கிரேக்கக் காவியமான இலியத்தின் ஆறாம் காண்டத்தில் திராய் நகர வீரன் ஹெக்டர் தன் குழந்தையை வாங்கக் கைகளை நீட்டும்போது ஹோமர் கையாள்வது இந்த வினையைத்தான். எத்தனை அழகான இடம்! புதிய ஏற்பாட்டில் இது மூன்றே முறை வருகிறது. எபிரெயர் 11:16இல் முற்பிதாக்கள் பரம தேசத்தை நாடுகிறார்கள். 1 தீமோத்தேயு 6:10இல் சிலர் பணத்தை நாடி விசுவாசத்தை விட்டு வழுவுகிறார்கள்.

எபிதுமெயோவில் 'துமோஸ்' இருக்கிறது: உள்ளத்தின் கொதிப்பு. பத்தாம் கட்டளையின் 'இச்சியாதிருப்பாயாக' என்பதற்குக் கிரேக்கப் பழைய ஏற்பாடு தரும் சொல் இதுவே. மத்தேயு 5:28இலும் இதே இச்சைதான்.

ஆகவே முன்னது தூய நாட்டம், பின்னது பாவ இச்சை என்று பிரசங்கங்களில் பிரித்துவிடுகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. லூக்கா 22:15இல் சீடர்களோடு பஸ்கா பண்டிகை விருந்தைப் புசிக்க மிகவும் ஆசையாயிருந்ததாக இயேசு சொல்லும்போது, லூக்கா எழுதுவது எபிதுமெயோதான். அதுவும் பெயரும் வினையுமாக இரட்டித்து. பண ஆசைக்கு வந்ததோ ஒரெகோ. ஒன்று எட்டிப் பிடிக்க முனைகிறது, மற்றது உள்ளே எரிகிறது. நன்மையா தீமையா என்பதை நாடப்படும் பொருளே தீர்மானிக்கிறது.