ஆட்டு எருவா, கோழி எருவா?

சேலத்தில் வீட்டுத்தோட்டம் போடுபவர்களுக்கு எருவுக்குப் பஞ்சமே இல்லை. தெற்கே, 1997 வரை நம் மாவட்டத்தோடு இருந்த நாமக்கல்லின் முட்டைக்கோழிப் பண்ணைகள். வடமேற்கே, ஒரு செம்மறி இனத்துக்கே பெயர் கொடுத்த மேச்சேரி.

கோழி எருவில் தழைச்சத்து அதிகம். கீரைப் பாத்திக்கு அதன் வேகம் வேறு எதிலும் வராது. ஆனால் பச்சையாகப் போட்டால் வேர் கருகிவிடும். காய்ந்த சருகோடு கலந்து இரண்டு மூன்று மாதமாவது மக்க வைக்க வேண்டும். அதுவரை அம்மோனியா நெடியும் ஈயும் அக்கம்பக்கத்தாரைப் படுத்தும். தக்காளிக்கு அளவு மீறினால் இலைதான் செழிக்கும், பூ குறையும்.

என் ஓட்டு ஆட்டு எருவுக்குத்தான். காய்ந்த புழுக்கையில் நாற்றம் குறைவு. மூட்டையாகக் கட்டி மாடிக்கும் ஏற்றலாம். ஒன்றை நசுக்கிப் பாருங்கள்: மேலே கருத்த கெட்டி ஓடு, உள்ளே பொடிப்பொடியாக நார். அந்த ஓட்டோடு போட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். இரவு முழுக்க நீரில் ஊறவைத்து, உதிர்த்துப் போடுங்கள். ஒரு தொல்லை உண்டு: ஆடுகள் வேலிக்கருவை நெற்றைத் தின்பதால், சாணத்தோடு வந்த விதை பாத்தியில் முளைக்கும். இரண்டு இலை விடும்போதே பிடுங்கிவிட வேண்டும். வேர் இறங்கிவிட்டால் பெரும் பாடு.

பட்டியில் வாங்கும்போது ஒரு கைப்பிடியை வாளி நீரில் கரைத்துப் பாருங்கள். அடியில் மணல் நிறையத் தங்கினால் அந்த மூட்டை வேண்டாம்.