‘காஸ்பிளே ஸ்பெஷலிஸ்ட்’ ஷூட்: அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் படித்துவிடுங்கள்

காஸ்பிளே, அதாவது அனிமே, கேம், சினிமா கேரக்டர்களைப் போல வேஷம் போடுவது. அதற்கு ‘ஸ்பெஷலிஸ்ட்’ என்று சொல்லிக்கொண்ட ஒரு ஸ்டுடியோவில் போட்டோ ஷூட் செய்து எங்கள் குழு ஏமாந்தது. ஸ்டுடியோ பெயரை இங்கே போடவில்லை. இதே மாதிரி பேக்கேஜ் விற்பவர்கள் நிறைய இருக்கிறார்கள், ஏமாறுகிற இடங்களும் ஒன்றுதான். எங்கள் குழுவிடம் சொன்னது: ஆளுக்கு 20 எடிட் செய்த படம், முழு அளவு ஃபைல், போஸ் சொல்லித் தருவோம். கைக்கு வந்தது: வாட்ஸ்அப்பில் அனுப்பிய, பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடையும் படங்கள். சண்டை போட்டு வாங்கிய ஒரிஜினல் ஃபைல்களின் எக்ஸிஃப் விவரத்தை (எந்த லென்ஸ், எந்த செட்டிங் என்று கேமரா ஃபைலுக்குள் பதிந்து வைப்பது) திறந்து பார்த்தபோதுதான் எது எதனால் கெட்டது என்பது புரிந்தது.

முழு உருவப் படங்கள் எல்லாமே 24 மி.மீ.யில், அதாவது அகலமாகப் பார்க்கும் லென்ஸில், எடுத்தவை. ஃபுல் ஃபிரேம் கேமராவை (பெரிய சென்சார் உள்ளது) நெட்டுக்குத்தாகப் பிடித்தால், அந்த லென்ஸில் ஆறடி ஆள் தலை முதல் கால் வரை ஃபிரேமுக்குள் வர, போட்டோகிராஃபர் ஒன்றரை மீட்டர் தூரத்தில் நின்றால் போதும். இடம் குறைவான அறைக்கு வசதிதான். ஆனால் அவ்வளவு கிட்டே, நின்றபடி, கண் உயரத்திலிருந்து எடுத்தால் தலை பெருத்து, கால் குட்டையாகிவிடும். விக் வேறு தலையை ஏற்கனவே பெரிதாக்கி வைத்திருக்கிறது, கேட்கவே வேண்டாம். அதே ஆளை, குறுகலாகப் பார்க்கும் 70 மி.மீ.யில் எடுக்க நாலரை மீட்டராவது பின்னால் போக வேண்டும், கேமரா இடுப்பு உயரத்துக்கு இறங்க வேண்டும். கவசம் போட்ட கேரக்டர் என்றால் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தால்தான் ஆள் நிமிர்ந்து தெரிவார். ஆகவே புக் செய்யும்போதே அறையின் நீளத்தைக் கேளுங்கள். பின்னணித் துணிக்கும் ஆளுக்கும் நடுவே ஒன்றரை, இரண்டு மீட்டர் இடைவெளி விடணும்; இல்லையென்றால் நிழல் துணியில் விழும். நாலரையும் இரண்டும், போட்டோகிராஃபர் நிற்க அரை மீட்டரும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஏழு மீட்டருக்குக் குறைந்த அறை முழு உருவத்துக்கு ஆகாது.

அடுத்தது வாள். கேமராவை நோக்கி வாளை நீட்டச் சொல்லி, 70 மி.மீ., எஃப் 2.8-இல் (லென்ஸின் துவாரம் அகலத் திறந்த நிலை), ஒன்றரை மீட்டரிலிருந்து எடுத்திருக்கிறார். ஃபுல் ஃபிரேம் கேமராவில் அந்தக் கணக்குக்கு ஃபோகஸில் நிற்பது சுமார் 8 செ.மீ. ஆழம் மட்டுமே. கண் பளிச்சென்று இருக்க, பெயின்ட் அடித்த வாள் முழுக்க மங்கல். துவாரத்தைச் சுருக்கி எஃப் 8-க்குப் போனாலும் 20 செ.மீ.யைக் கொஞ்சம்தான் தாண்டும். ஆக, இது செட்டிங் மாற்றிச் சரியாகிற விஷயமில்லை, போஸே தப்பு. நேராக நீட்டிய வாள் படத்தில் குட்டைக் குச்சியாகத்தான் தெரியும். உடம்புக்குக் குறுக்காகச் சாய்த்துப் பிடித்தால் முழு நீளமும் தெரியும், முகத்தோடு சேர்ந்து ஃபோகஸிலும் இருக்கும்.

வெளிச்சம் இன்னொரு கதை. மலிவு எல்.இ.டி. பேனல் இரண்டு. அதில் ஷட்டர் வேகத்தை ஏற்றினால் படம் இருட்டும், சில பேனல்களில் குறுக்கே கோடு கோடாகப் பட்டையும் விழும். அதனால் மனுஷன் 1/60 வினாடியை விட்டு நகரவே இல்லை. வீசிய கேப் (தோளிலிருந்து தொங்கும் துணி) எல்லாம் புகைமூட்டம். துணி பறப்பதை நிறுத்திப் பிடிக்க 1/500 ஆவது வேண்டும். அல்லது அறையை இருட்டாக்கி ஃபிளாஷ் அடித்தால் அந்தக் கண நேர வெளிச்சமே அசைவை உறைய வைத்துவிடும். பாதியில் கேமரா தலையில் ஃபிளாஷை மாட்டி நேருக்கு நேர் அடித்தார். செயற்கை நார் விக் பிளாஸ்டிக்காக மின்னியது. துத்தநாக ஆக்ஸைடோ டைட்டானியம் டை ஆக்ஸைடோ உள்ள சன்ஸ்கிரீன் ஃபவுண்டேஷன் போட்டவர்களின் முகம் மட்டும் கழுத்தை விட்டுத் தனியாக வெளுத்துப்போனது. மேக்கப் முடிந்ததும் மொபைல் ஃபிளாஷில் ஒரு படம் எடுத்துப் பார்த்தால் இது முன்கூட்டியே தெரிந்துவிடும். விக்கில் டால்கம் பவுடரோ டிரை ஷாம்பூவோ லேசாகத் தடவி உதறினால் மினுமினுப்பு அடங்கும். கறுப்பு விக்கில் நன்றாகத் தட்டிவிடணும். முன்முடி கண்ணில் போடும் நிழலுக்கு வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பிவிட மார்பு உயரத்தில் ஒரு வெள்ளை தெர்மாகோல் போதும், அதுகூட அங்கே இல்லை.

போஸ் சொல்லித் தருவதாகச் சொன்னவர் கடைசிவரை சொன்னது “இயல்பா நில்லுங்க” மட்டும்தான். காஸ்பிளேயில் இயல்பாக நின்றால் டிரெஸ் மாட்டிய ஆள்தான் தெரிவார், கேரக்டர் தெரியாது. விஷயம் தெரிந்தவர் எடை பின்னங்காலில் இருக்கிறதா, கைக்கும் இடுப்புக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா, தாடை சற்று முன்னே வந்து இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். கையைத் தூக்கும்போது ஃபோம் தோள்கவசம் காதுவரை ஏறினால் நிறுத்தி இழுத்துவிடச் சொல்வார். ஓடுகிற போஸுக்கு ஓடச் சொல்ல மாட்டார். முன்முழங்காலை மடக்கி நிற்கவைத்து, ஒருவர் கேப்பை வீசிவிட்டு ஃபிரேமை விட்டு விலக, தொடர்ச்சியாகப் படம் எடுப்பார். போஸைத் தானே செய்து காட்டுவார். கேட்காமல் தொட்டுத் திருத்துகிறவரிடம் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள், ஷூட் போனாலும் பரவாயில்லை.

எடிட்டிங்கைப் பற்றி ஒரே ஒரு படம் சொன்னால் போதும். கன்னத்தில் மெனக்கெட்டு வரைந்த தழும்பைத் தோல் குறை என்று நினைத்து அழித்திருக்கிறார்கள். இடுப்பை ஒல்லியாக்க இழுத்ததில் பக்கத்தில் இருந்த ஈட்டிக் கம்பும் சேர்ந்து உள்ளே வளைந்திருக்கிறது. கேரக்டரின் மூலப்படம் ஒன்றைக் கையோடு கொடுத்து, எதைத் தொடக்கூடாது என்று எழுதியும் கொடுங்கள்.

இவரை எப்படி நம்பினோம் என்றால், பக்கம் முழுக்க அருமையான படங்கள். ஆனால் ஒரு ஷூட்டுக்கு ஒரே ஒரு படம்! எவ்வளவு மோசமாக எடுத்தாலும் நூறில் ஒன்று தேறும். ஒரே ஷூட்டின் மொத்த டெலிவரியையும் காட்டச் சொல்லுங்கள். படங்களை ரிவர்ஸ் இமேஜ் தேடலில் (படத்தையே கொடுத்து இணையத்தில் தேடுவது) போட்டு, வேறு யாருடையதாவதா என்றும் பாருங்கள். ரா ஃபைல் (கேமரா பதிந்தபடியே உள்ள, எடிட் செய்யாத ஃபைல்) தர மறுத்தால் அது நியாயம்தான், பெரும்பாலானோர் தருவதில்லை. முழு அளவு ஜேபெக் தர மறுப்பதில் எந்த நியாயமும் இல்லை. எத்தனை படம், எந்தத் தேதி, எங்கெல்லாம் பயன்படுத்துவார்கள் என்பது எழுத்தில் இருக்கணும்.

அட்வான்ஸ் கட்டிவிட்டீர்கள் என்றால், ஷூட் தொடங்கிய முதல் பத்து நிமிடத்திலேயே கேமராத் திரையில் மூன்று படங்களைக் கேளுங்கள்: முழு உருவம், முகம், ஆயுதத்தோடு ஒன்று. கண்ணையும் வாள் நுனியையும் பெரிதாக்கிப் பாருங்கள். மீதிப் பணம், ஃபைல்கள் டிரைவ் லிங்கில் வந்து நீங்கள் இறக்கித் திறந்து பார்த்த பிறகு.