மழை ஊரில் ஒரு ஸ்பிட்ஸ், ஒரு பூனை: ரோமத்தோடு பல வருட அனுபவம்

வீட்டுக்குள் ஸ்பிட்ஸ் நாயோ பூனையோ வளர்க்கப் போகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது நல்ல சீப்பு. வேக்குவம் கிளீனரையும் விலை கூடிய ஷாம்பூவையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் வீடு திருவட்டாறுக்கும் குலசேகரத்துக்கும் நடுவில், ரப்பர் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. குட்டன் வெள்ளை ஸ்பிட்ஸ். செம்பன் ஒரு மழைநாளில் விறகுப்புரைக்குள் தானாக ஏறிவந்த செவலைப் பூனை. இருவரும் வந்து பல வருடம் ஆகிறது. இவர்களுடைய ரோமத்துக்காக வீட்டுக்கு வந்த சாமான்களில் எது நிலைத்தது, எது பரணுக்குப் போனது என்று சொன்னால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதே பாடு படுகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

ஸ்பிட்ஸுக்கு இரண்டு அடுக்கு ரோமம். மேலே நீளமாக, சற்று முரடாக ஒன்று. அடியில் குட்டையாக, மிருதுவாக, நெருக்கமாக ஒன்று. வீடெல்லாம் பறப்பது பெரும்பாலும் அந்த அடிரோமம். குளிர்நாடுகளில் பகல் கூடுவதையும் குறைவதையும் வைத்து நாயின் உடம்பு வருடத்துக்கு இரண்டு தடவை ரோமத்தைக் கொட்டி மாற்றிக்கொள்ளும். நாம் இருப்பதோ 8 டிகிரி வடக்கில். ஜூன் மாதப் பகலுக்கும் டிசம்பர் மாதப் பகலுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். போதாததற்கு ராத்திரி படுக்கும்வரை வீட்டுக்குள் விளக்கு எரிகிறது. அதனால் கொட்டி முடியும் காலம் என்று ஒன்றுக்காகக் காத்திருக்க வேண்டாம். எங்கள் வீட்டில் தை, மாசியில் கொஞ்சம் கூடும். மற்றபடி வருடம் முழுக்க அன்றாடம் உதிரும். இதை ஏற்றுக்கொண்டால்தான் அடுத்த வேலை நடக்கும். தரையில் விழுந்த ரோமத்தைத் தேடிப் பெருக்குவதைவிட, இன்றைக்கு விழப்போகிற ரோமத்தை உடம்பிலேயே வைத்து எடுத்துவிடுவது எளிது.

மெல்லிய வளைந்த கம்பிகள் உள்ள பிரஷ் ஒன்றும், பல் அகலமான ஸ்டீல் சீப்பு ஒன்றும்தான் தினமும் கைக்கு வருபவை. சாயங்காலம் பின்படியில் குட்டனை உட்காரவைத்து, ரோமத்தை வகிடு வகிடாகப் பிரித்து, தோலுக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும். மேலோட்டமாகத் தடவினால் அடிரோமம் அப்படியே நிற்கும். காதுக்குப் பின்னால், முன்னங்கால் இடுக்கில், தொடையின் பின்பக்கம் மூன்று இடத்திலும்தான் சிக்கு விழும். அங்கே விரலால் பிரித்துவிட்டுப் பிறகு சீப்பு வையுங்கள். பிளேடு வைத்த டீஷெட்டிங் சீப்பும் இருக்கிறது. ஒரே இழுப்பில் கை நிறைய வரும், பார்க்க நிறைவாக இருக்கும். ஆனால் அடிக்கடி போட்டால் நல்ல மேல்ரோமத்தையும் அறுத்துவிடும். ரொம்பக் கொட்டுகிற நாட்களில் மட்டும் எடுக்கிறோம்.

செம்பனுக்குக் கம்பி பிடிக்காது. ரப்பர் முள் வைத்த கையுறையைத்தான் ஏற்றுக்கொண்டான். தடவுவதாக நினைத்துக் கண்ணை மூடிக்கொள்வான். வால் நுனி பட்டென்று அடிக்கத் தொடங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான், விட்டுவிட வேண்டும். பூனை நாக்கில் இருக்கும் முட்கள் தொண்டையை நோக்கி வளைந்தவை. நக்கும்போது வரும் ரோமத்தைத் துப்ப முடியாமல் விழுங்கும். பிறகு சுருளாக வாந்தி எடுக்கும். கையுறை போடத் தொடங்கியபின் எங்கள் வீட்டில் அது நன்றாகக் குறைந்தது. சீவி எடுத்த ரோமத்தை முற்றத்தில் வீசாதீர்கள். காற்றோடு திரும்பி வரும். உண்ணி மருந்து போட்ட நாயின் ரோமத்தைக் குருவி கூடு கட்ட எடுத்தால் குஞ்சுகளுக்கும் நல்லதில்லை.

சித்திரை வெயிலில் யாராவது வந்து, "பாவம், மொட்டை அடிச்சு விடுங்க" என்பார்கள். அன்பில் சொல்வதுதான். ஆனால் நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கை நீட்டி மூச்சு வாங்கித்தான் உடம்பைத் தணித்துக்கொள்ளும். இரண்டு அடுக்கு ரோமம் வெயிலையும் தடுத்து நிறுத்துகிறது. மொட்டை அடித்தால் தோல் வெயிலில் புண்ணாகலாம், ரோமம் திட்டுத் திட்டாக முளைக்கலாம்.

நம் மாவட்டத்துக்கென்று உள்ள பெரிய சிக்கல் ஈரம். வைகாசிப் பாதியில் தொடங்கும் இடவப்பாதி ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. மேல்ரோமம் காய்ந்துவிட்டதாகத் தெரியும், அடிரோமம் நனைந்தே இருக்கும். இரண்டு நாளில் புளித்த வாடை வரும், அப்புறம் சொறிச்சல், அதற்கப்புறம் சிவந்த ஈரப்புண். ரோமம் கொத்தாக உதிர்வதற்கு இந்த ஈரமும் அதில் பெருகும் பூஞ்சையும் பெரிய காரணம். அதனால் மழைக்காலத்தில் குளிப்பாட்டுவதைக் குறைத்துவிட்டோம். குளிப்பாட்டும் நாளில் முதலில் சீவிவிட வேண்டும், தண்ணீர் பட்டால் சிக்கு இறுகிவிடும். பிறகு துண்டு, பிறகு ஃபேன், கடைசியில் சூடில்லாத காற்றில் ஹேர் டிரையர். வயிற்றுப் பக்கம் ரோமத்தைப் பிரித்துத் தோலில் ஒரு காகிதத்தை ஒற்றிப் பார்ப்பேன். காகிதம் நனைந்தால் வேலை முடியவில்லை. வட்டமாக ரோமம் கொட்டியிருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அது மனிதர்களுக்கும் ஒட்டும், டாக்டரிடம் காட்டிவிடுங்கள். நாகர்கோவிலில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. அதற்கும் மேலே என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி.

இனி வீட்டுத் தரை. கொழுந்தன் கல்ஃபிலிருந்து ஒரு ரோபோ வேக்குவம் கொண்டுவந்தார். மொசைக் போட்ட ஹாலில் அருமையாக ஓடியது. ஆனால் எங்களுடையது பழைய வீடு, அறைக்கு அறை நிலைப்படி உண்டு, அதை ஏறாது. பிரஷில் சுற்றிய ரோமத்தைக் கத்தரியால் வெட்டி எடுக்க வேண்டும். ஃபில்டரைக் கழுவினால் மழைநாளில் காயாது, நாறும். டைல்ஸ் போட்ட புதுவீட்டுக்காரர்களுக்குத் தாராளமாகச் சொல்வேன்; எங்களுக்கு அது பரண் சாமான். ஈர்க்கு வாரியல் முற்றத்துக்குத்தான். பூ வாரியல் ரோமத்தைக் கிளப்பி விடும். நிலைத்து நின்றது குளியலறையில் தண்ணீர் தள்ளுகிற ரப்பர் வைப்பர். ஃபேனை அணைத்துவிட்டுக் காய்ந்த தரையில் இழுத்தால் ரோமம் உருண்டு சேர்ந்து வரும். மிதியடியிலும் அதையே இழுக்கலாம். சோபாவுக்கு, லேசாக நனைத்த ரப்பர் கையுறையைப் போட்டு ஒரே திசையில் தடவினால் போதும். இந்த விலைக்கு இதைவிட நல்ல சாமான் எனக்குத் தெரியாது.

தரை துடைப்பதில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தண்ணீரில் ஊற்றினால் பால்போல் வெளுக்கும் பினாயில் வகையைப் பூனை உள்ள வீட்டில் வைக்காதீர்கள். அதிலுள்ள பீனாலை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவு. தரையில் நடந்த பாதத்தை நக்கும்போது அது வயிற்றுக்குள் போகும். மாமிக்கு பினாயில் மணம் இல்லாவிட்டால் வீடு துடைத்ததாகவே தோன்றாது. காரணத்தைச் சொன்னதும் அவர்களே கடைக்காரரிடம், "வேண்டாம் மக்களே, வீட்டுல பூச்சை கெடக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது சோப்புத் தண்ணீர், பிறகு வெறும் தண்ணீர்.

உண்ணி மருந்திலும் இதே கவனம் வேண்டும். நாய்க்கு முதுகில் விடும் சொட்டு மருந்துகளில் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. நாய்க்கு ஒன்றும் செய்யாது, பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வந்து உயிரே போகலாம். இரண்டும் ஒட்டிப் படுக்கிற வீடு என்றால் டாக்டரிடம் அதை முதலில் சொல்லி மருந்து கேளுங்கள். உண்ணி சுவர் வெடிப்பிலும் கட்டில் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டும் பார்த்தால் போதாது. மண்ணெண்ணெய் தடவுவது, கற்பூரம் கரைத்துப் பூசுவது இரண்டும் வேண்டவே வேண்டாம். நாய் சாப்பிடாமல் சுருண்டு கிடந்து, ஈறு வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், அன்றைக்கே கொண்டுபோக வேண்டும்.

தீனியில் சாளை (மத்தி) மீன் நல்லது. உப்பில்லாமல் அவித்து, முள் எடுத்துக் கொஞ்சம் கொடுத்தால் ரோமம் மினுங்கும், முறிந்து உதிர்வது குறையும். குழம்பு மீன் ஆகாது. உள்ளியும் (வெங்காயம்) பூண்டும் நாய், பூனை இரண்டின் ரத்தத்தையும் கெடுக்கும்.

சேட்டையைப் பற்றிச் சொல்லப்போனால், குட்டன் ஒட்டுப்பால் (மரத்தில் உறைந்து ஒட்டிய ரப்பர் பால்) சாக்கை இழுத்து முற்றமெல்லாம் பரப்புவான். செம்பன் பாயில் காயும் நல்லமிளகின் நடுவில் படுப்பான், மேசையில் உள்ள டம்ளரை நம்மைப் பார்த்துக்கொண்டே தள்ளுவான். ரப்பர் பால் ரோமத்தில் பட்டு உறைந்தால் கத்தரிப்பதைத் தவிர வழியில்லை. பால் உறைய ஊற்றும் ஃபார்மிக் ஆசிட் கேனை மட்டும் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறோம். அது சேட்டைக் கணக்கில் வராது, உயிர் விஷயம்.

குட்டன் குற்றம் செய்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வான் என்று எல்லாரும் சொல்வார்கள். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2009-ல் இதைச் சோதித்து வெளியிட்டார். நாய் தப்பு செய்ததா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பில்லை. உரிமையாளர் திட்டும்போதுதான் அந்த முகம் கூடுதலாக வருகிறது. அதைப் படித்தபின் எங்கள் வீட்டில் நடந்து முடிந்த சேட்டைக்குத் திட்டு கிடையாது. அதற்குப் பதிலாக, விடியும் முன்னே தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டு நடக்கும்போது வீட்டுக்காரர் கூடவே குட்டனையும் கூட்டிப்போகிறார். மரம் மரமாக மோப்பம் பிடித்துவிட்டு வந்தால் அன்றைக்குச் செருப்புகள் தப்பும். செம்பனுக்கு ஒரு ரப்பர் மரக்கட்டையில் தேங்காய்நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி நட்டோம். அவன் முழுசாக நிமிர்ந்து நீட்டினாலும் எட்டாத உயரம், ஆட்டினாலும் அசையாத அடி, இரண்டும் முக்கியம். சோபாவை அவன் இப்போது தொடுவதில்லை. கயிறு பிய்ந்தால் புதுசு சுற்றிக் கொள்கிறோம்.

தீராதது ஒன்று உண்டு. என் மகளுக்குத் தும்மல். தும்மலைக் கிளப்புவது ரோமமே இல்லை, பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒரு புரதம். அது மெல்லிய தூசியில் ஒட்டி மணிக்கணக்கில் காற்றில் நிற்கும். எவ்வளவு சீவினாலும் அது முழுசாகப் போகாது. அவள் படுக்கும் அறைக்குள் செம்பனுக்கு அனுமதி இல்லை, போர்வையை வாரம் தவறாமல் வெந்நீரில் துவைக்கிறோம், அவளால் சமாளிக்க முடிகிறது. இளைப்பு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், குட்டியைக் கொண்டுவரும் முன் பூனை வளர்க்கிற சொந்தக்காரர் வீட்டில் அவர்களை ஒரு நாள் தங்கவைத்துப் பாருங்கள். கொண்டுவந்தபின் திருப்பி விடுவது அந்த உயிருக்குத்தான் பாடு.