மலைக்குளிரில் தெள்ளுப்பூச்சி: ஷாம்பு, சொட்டு மருந்து, மாத்திரை – எது தாங்கும்?

"இந்தக் குளிருக்குத் தெள்ளுப்பூச்சி தாங்காது" என்று ஊட்டியில் நாய் வளர்க்கும் பலர் சொல்லக் கேட்கலாம். தலைக்குந்தாவில் ஜனவரி விடியலில் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் தெள்ளுப்பூச்சி அந்தப் புல்வெளியிலா குடியிருக்கிறது? குமுட்டி அடுப்புக்குப் பக்கத்தில் மடித்துப் போட்ட பழைய கம்பளியில், சோபாவின் அடியில், பலகைத் தரையின் இடுக்கில் இருக்கிறது. சிறுத்தைக்குப் பயந்து இருட்டியதும் நாயை வீட்டுக்குள் அடைக்கிற ஊர் இது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வாசலில் கட்டியிருந்த நாயைச் சிறுத்தை தூக்கிப்போனது என்பது யாருக்கும் புதிய செய்தியல்ல. ஆக, நாயோடு பூச்சியும் கதகதப்புக்குள் வந்துவிடுகிறது. அதன் எல்லாப் பருவங்களும் சாக வேண்டுமென்றால் 3 டிகிரிக்குக் கீழான குளிர் நாள்கணக்கில் விடாமல் நீடிக்க வேண்டும். ஆள் வசிக்கும் எந்த அறையும் அப்படிக் குளிர்வதில்லை.

மலைக்குளிர் செய்வதெல்லாம் அதன் வளர்ச்சியை இழுத்தடிப்பதுதான். 27 முதல் 30 டிகிரி வெப்பத்தில் முட்டை பூச்சியாக மூன்று வாரம் போதும். 13 டிகிரியை ஒட்டிய அறையில் அதே வளர்ச்சி மாதக்கணக்கில் நீளும். நடுவில் கூட்டுப்புழுப் பருவம் ஒன்று இருக்கிறது. பட்டு நூலால் பின்னிய பிசுபிசுப்பான கூடு. மேலே தூசி ஒட்டிக்கொள்வதால் வெறும் குப்பை உருண்டையாகத்தான் கண்ணுக்குத் தெரியும். அதற்குள் பூச்சி ஐந்தாறு மாதம்கூட அசையாமல் காத்திருக்கும்; தரை அதிர்ந்தால், உடல் சூடு பட்டால், மூச்சுக்காற்று பட்டால் உடனே வெளியே குதிக்கும். பூட்டியிருந்த கொடைக்கானல் வீட்டைக் கோடை விடுமுறைக்குத் திறந்தவர்கள் முதல் நாளே கணுக்காலைச் சொறிவதற்கு இதுதான் காரணம்.

அதனால் சமவெளிக்காரர்கள் கேட்கிற "எது சீக்கிரம் கொல்லும்?" என்ற கேள்வியை இங்கே இரண்டாவதாகத்தான் கேட்க வேண்டும். முதல் கேள்வி, எது நீண்ட நாள் தாங்கும் என்பது. அதோடு, நாயை நனைக்காமல் வேலை நடக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். மூன்று நாள் வெயில் முகம் காட்டாத ஊரில் ஈர நாயை எங்கே உலர்த்துவது?

எதையும் வாங்குவதற்கு முன், இருப்பது தெள்ளுப்பூச்சிதானா என்று பாருங்கள். உண்ணி தோலைக் கவ்விக்கொண்டு ஒரே இடத்தில் உப்பிக் கிடக்கும். தெள்ளுப்பூச்சி செம்பழுப்பு நிறத்தில், இரண்டு பக்கமும் அமுக்கிவிட்டதுபோல் தட்டையாக, மயிருக்குள் ஓடும், துள்ளும். பேன் சீப்பை எடுத்து நாயின் முதுகுத்தண்டு வழியாக வால் அடி வரை தோலோடு ஒட்டிச் சீவி, சீப்பில் வருவதை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் தட்டுங்கள். மண்ணாக இருந்தால் கரும்புள்ளியாகவே கிடக்கும். பூச்சியின் எச்சமாக இருந்தால் ஒரு நிமிடத்தில் புள்ளியைச் சுற்றிச் செம்பழுப்புக் கறை பரவும். அது நாயின் ரத்தம், செரித்து வெளிவந்தது. இந்தக் காகிதச் சோதனைக்குச் செலவே இல்லை. மருந்து போட்ட பிறகும் வாரம் ஒருமுறை செய்து பார்த்தால், மருந்து கேட்கிறதா என்று தெரிந்துவிடும்.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். ஷாம்புவும் மாத்திரையும் இரு கோடிகள். பூச்சி மருந்து கலந்த ஷாம்பு குளிப்பாட்டும் நேரத்தில் உடம்பில் இருப்பதைக் கொல்லும். அலசியதும் மருந்தும் பெரும்பாலும் தண்ணீரோடு போய்விடும். மறுநாள் கம்பளியிலிருந்து புதியது ஏறும். சாதாரண சோப்பு நுரையிலும் நிறையப் பூச்சி சாகும் என்பதால், ஷாம்புவுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் எனக்கு ஈடுபாடு இல்லை. மருந்து சாப்பிடக்கூடாத சின்னக் குட்டி, உடம்பெல்லாம் பூச்சி மொய்த்து வெளிறிப்போன குட்டி என்றால் வெதுவெதுப்பான தண்ணீர்க் குளியலும் சீப்பும்தான் முதல் உதவி. குளிப்பாட்டி முடித்ததும் துண்டால் துவட்டி, சூடான இடத்தில் வைத்து முழுக்க உலர்த்த வேண்டும். ஈறு வெளுத்திருந்தால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள். தெள்ளுப்பூச்சி குடித்தே குட்டிகள் ரத்தசோகையில் சாவதுண்டு.

பவுடரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாய் நக்கும், வீடெல்லாம் கொட்டும், பனியில் கட்டி கட்டியாக ஒட்டும்.

கைவைத்தியம் தனியாகப் பேச வேண்டிய விஷயம். வேப்பெண்ணெய்க்குப் பூச்சியை ஓரளவு விரட்டும் குணம் உண்டு. அந்தக் குணம் ஓரிரு நாளில் மங்கிவிடும், கம்பளியில் இருக்கும் முட்டையை அது எட்டாது. நீர்க்க வைத்துத் தடவினால் பெரிய கெடுதல் இல்லை, பெரிய பயனும் இல்லை. என் கவலை நீலகிரித் தைலத்தைப் பற்றியது. சாலையோரக் கடைகள் எல்லாவற்றிலும் கிடைக்கிறது, நம் சளிக்கும் மூட்டுவலிக்கும் கைகண்ட மருந்து, ஆகவே நாய்க்கும் இரண்டு சொட்டு என்று தோன்றிவிடும். நாய் தன் உடம்பை நக்கும். யூகலிப்டஸ் எண்ணெய் உள்ளே போனால் வாயில் நுரை தள்ளும், வாந்தி வரும், நடை தள்ளாடும். அதே கடையில் பக்கத்தில் இருக்கும் விண்டர்கிரீன் தைலம் இன்னும் மோசம். அதில் இருப்பது ஆஸ்பிரின் குடும்பத்துச் சத்து. கற்பூரம் கரைத்த எண்ணெயும் நஞ்சுதான். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமை. அதைச் சோற்றில் பிசைந்து நாய்க்குக் கொடுத்தால் சிவப்பணுக்கள் சிதையும், பூச்சியோ போகாது. மண்ணெண்ணெய், பினாயில் பற்றி எழுத வேண்டியிருப்பதே வருத்தம். இரண்டும் தோலைப் பொசுக்கும்.

மாட்டு உண்ணிக்கு வாங்கிய டெல்டாமெத்ரின் மருந்து வீட்டில் மிச்சம் இருந்தால், அதைத் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டுகிற வழக்கமும் உண்டு. மலிவு என்பதைத் தவிர அதற்கு ஆதரவாக ஒன்றும் சொல்ல முடியாது. மூடியால் குத்துமதிப்பாக அளந்து ஊற்றுகிற மருந்தில் அளவு எந்நேரமும் பிசகலாம். அந்த வீட்டில் பூனையும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். இந்தக் குடும்பத்து மருந்துகள், முக்கியமாக பெர்மெத்ரின், பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கான மருந்தைப் பூனைக்குப் போடக்கூடாது, போட்ட நாயோடு பூனையை ஒட்டிப் படுக்கவும் விடக்கூடாது.

உண்மையான போட்டி சொட்டு மருந்துக்கும் மாத்திரைக்கும்தான்.

சொட்டு மருந்தில் பரவலாகக் கிடைப்பது பிப்ரோனில். தோள்பட்டைகளுக்கு நடுவே, நாக்கு எட்டாத இடத்தில், மயிரைப் பிரித்துத் தோலிலேயே விட வேண்டும். அது தோலின் எண்ணெய்ப் பசையோடு உடம்பெங்கும் பரவி, எண்ணெய்ச் சுரப்பிகளில் தங்கி, சுமார் ஒரு மாதம் கசிந்துகொண்டே இருக்கும். மெத்தோபிரீன் சேர்ந்தது கிடைத்தால் அதையே வாங்குங்கள். அது முட்டை பொரிவதைத் தடுக்கும். பூச்சி கடிக்கத் தேவையில்லை, பட்டாலே போதும் என்பதும், மாத்திரையைத் துப்பிவிடும் நாய்க்கும் போடலாம் என்பதும் இதன் பலம். ஈரம்தான் இதன் பலவீனம். போடுவதற்கு இரண்டு நாள் முன்பும் பின்பும் குளிப்பாட்டக்கூடாது. அடிக்கடி நனைந்தாலும் ஷாம்பு போட்டாலும் வீரியம் குறையும். கூடலூரில் தென்மேற்குப் பருவமழை ஜூனில் பிடித்தால் நாய் உலர்ந்திருக்கும் நாளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். குன்னூர், கோத்தகிரிக்கு அதே சங்கடம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. சடை மயிர் கொண்ட நாய்களுக்கு இன்னொரு இடைஞ்சல்: பாதி மருந்து மயிரிலேயே நின்றுவிடும். இந்த மருந்துகள் நீர்ப்பூச்சிகளுக்கும் மீனுக்கும் கொடிய நஞ்சு என்பதையும் மறக்கக்கூடாது. சோலை ஓடையிலிருந்து குழாய் போட்டுக் குடிக்கிற ஊரில், மருந்து போட்ட நாயை ஓடையில் இறக்குவது சரியல்ல.

மாத்திரை ஐசோக்சசோலின் வகையைச் சேர்ந்தது. அபோக்சோலனர் (நெக்ஸ்கார்ட்) மாதம் ஒன்று, சரோலனர் (சிம்பரிகா) மாதம் ஒன்று, புளூரலனர் (பிராவெக்டோ) 12 வாரத்துக்கு ஒன்று. மருந்து ரத்தத்தில் கலந்திருக்கும். கடித்த பூச்சி ஒரு நாளுக்குள் செத்துவிடும். இந்த ஒரு நாள் கணக்கு முக்கியம். நாய்மேல் ஏறி முதல் முறை ரத்தம் குடித்த பெண் பூச்சி முட்டையிட 24 முதல் 48 மணி நேரம் ஆகும். இடத் தொடங்கினால் நாளுக்கு 20க்கு மேல் இடும். அதற்குமுன் செத்தால் ஒரு முட்டையும் கம்பளியில் விழாது. கூட்டிலிருந்து வெளிவருகிற ஒவ்வொன்றும் நாயைத் தேடி வந்து மாட்டிக்கொள்ளும். நாயே நடமாடும் பொறியாகிவிடுகிறது. மழை, பனி, குளியல், ஓடை எதுவும் இதைக் கழுவாது. வளர்ச்சி மாதக்கணக்கில் இழுக்கும் மலையில் பொறியும் மாதக்கணக்கில் வேலை செய்தாக வேண்டும் என்பதால், 12 வார மாத்திரைக்கு இங்கே தனி மதிப்பு உண்டு என்பது என் கருத்து.

குறைகளும் இருக்கின்றன. ஒரு வேளைச் செலவு இதில்தான் அதிகம். நாயை எடை போட்டு அதற்கேற்ற மாத்திரையை வாங்க வேண்டும். இரண்டாக உடைத்து இரண்டு நாய்க்குக் கொடுக்கும் வித்தை கூடாது. பூச்சி கடித்த பிறகுதான் சாகும் என்பதால், எச்சிலுக்கே ஒவ்வாமை கண்டு வால் அடியில் மயிர் உதிர்கிற நாய் முதல் சில வாரம் சொறிந்துகொண்டுதான் இருக்கும். வலிப்பு வந்த நாயாக இருந்தால் மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். இந்த வகை மாத்திரைகளால் சில நாய்களுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது. பெரும்பாலான நாய்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனாலும் அப்படிப்பட்ட நாய்க்குச் சொட்டு மருந்துதான் என் தேர்வு.

கழுத்துப்பட்டைக்கு ஒரு பத்தி போதும். புளூமெத்ரினும் இமிடாகுளோபிரிடும் சேர்ந்த நல்ல பட்டை எட்டு மாதம் வரை தாங்கும் என்று உறையிலேயே போட்டிருக்கும். மாதக் கணக்கில் பார்த்தால் மலிவு. வெறும் வாசனை எண்ணெய் தோய்த்த மலிவுப் பட்டைகளும் அதே ஆணியில்தான் தொங்குகின்றன. தேயிலைச் செடிக்கும் உண்ணிச்செடிப் புதருக்கும் நடுவே ஓடித் திரிகிற நாய்க்குப் பட்டை சிக்கிக்கொள்ளும் என்பதையும், தொட்டு விளையாடும் கைக்குழந்தை வீட்டில் இருக்கிறதா என்பதையும் யோசித்து வாங்குங்கள்.

நாய்க்கு எது கொடுத்தாலும் வீட்டைப் பார்க்காமல் முடியாது. கண்ணில் படுகிற பூச்சி மொத்தத்தில் இருபதில் ஒரு பங்குதான் என்பது பூச்சியியலார் பொதுவாகச் சொல்லும் கணக்கு. மிச்சம் முட்டையாக, புழுவாக, கூடாகத் தரையில் கிடக்கிறது. புழு வெளிச்சத்துக்கு அஞ்சி இடுக்குக்குள் போகும். காற்றில் ஈரம் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் காய்ந்து சாகும். நம் மலையில் அந்த வறட்சிக்குக் காத்திருப்பது வீண். அதே காரணத்தால், தரையில் உப்பைத் தூவி உலர்த்திக் கொல்லும் யோசனையும் இங்கே எடுபடாது. மூடுபனியில் உப்பு கசிந்து தரை நசநசப்பதுதான் மிச்சம்.

வெள்ளைக்காரன் காலத்துப் பங்களாவின் பலகைத் தரைதான் மிகக் கடினம். பலகைகளுக்கு நடுவே நிரம்பிய பழந்தூசியைப் பெருக்குமாறு தொடாது; வாக்குவம் கிளீனரின் ஒல்லி மூக்கை ஒவ்வொரு இடுக்கிலும் நிதானமாக இழுக்க வேண்டும். அதன் அதிர்வில் கூட்டிலிருப்பவை வெளியே வரும். வரட்டும், பொறி தயாராக இருக்கிறதே. உறிஞ்சிய தூசிப் பையை அன்றே கட்டி வெளியேற்றுங்கள். சிமெண்டுத் தரை கொண்ட லயன் வீட்டில் (தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) வேலை எளிது: நாய் படுத்த சாக்கை எரித்துவிட்டுத் தரையில் கொதிநீர் ஊற்றித் தேய்த்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. கம்பளி, துணிகளை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கலாம். உலர வெயில் இல்லாத வாரத்தில் இஸ்திரிப் பெட்டியை இரண்டு பக்கமும் அழுத்தி ஓட்டினால் அதே பலன் கிடைக்கும்.

ஆள் வைத்து மருந்து அடிப்பது கடைசி வழி. அடிப்பவரிடம் பைரிபிராக்சிபென் அல்லது மெத்தோபிரீன் சேர்த்து அடிப்பாரா என்று கேளுங்கள். முட்டையும் புழுவும் வளராமல் தடுப்பவை இவைதான். வெறும் பூச்சிக்கொல்லி கூட்டுக்குள் புகாது. சில வாரங்களில் மறுபடியும் கடி தொடங்கும். சாம்பிராணி, வேப்பிலைப் புகை கொசுவுக்கு எப்படியோ, பலகைக்கு அடியில் கிடக்கும் கூட்டை ஒன்றும் செய்யாது.

நாய்க்கு மருந்து போட்டு ஒரு மாதம் கழித்தும் இரண்டொரு பூச்சி தென்பட்டால் மருந்தைக் குறை சொல்லி மாற்றிவிடாதீர்கள். அவை முன்பே கூட்டிலிருந்தவை. சமவெளியில் மூன்று மாதம் தொடர்ந்தால் போதும் என்பதை ஊட்டி, கொடைக்கானலில் ஏறக்குறைய ஆறு மாதமாகவாவது வைத்துக்கொள்வேன். என் கணக்கில் இரண்டு புளூரலனர் மாத்திரை. நாயின் ஆசனவாயைச் சுற்றி அரிசி போன்ற துணுக்குகள் ஒட்டியிருந்தால் நாடாப்புழு; தெள்ளுப்பூச்சியைக் கடித்து விழுங்குவதால் வருவது. பிராசிகுவான்டெல் மாத்திரையைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், மேலே சொன்ன மாத்திரைகள் அதற்குக் கேட்காது.

லயன் வரிசையில் ஒரு வீட்டு நாய்க்கு மட்டும் விலை உயர்ந்த மாத்திரை கொடுப்பதைவிட, வரிசை முழுவதும் பேசிவைத்து எல்லா நாய்க்கும் ஒரே நாளில் பிப்ரோனில் ஸ்பிரே அடிப்பது பலன் தரும். ஒரு பெரிய குப்பி பல நாய்க்கு வரும். எடைக்கு எத்தனை முறை அழுத்துவது என்று கால்நடை மருந்தகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் முயல் வளர்ப்பவர்கள் மட்டும் அந்தப் பக்கம் குப்பியைக் கொண்டுபோக வேண்டாம். பிப்ரோனில் முயலுக்கு ஆகாது.