சீட்டில் 112 பிஎஸ், சக்கரத்தில் எவ்வளவு? கோவை டைனோ பட்டறை ஒன்றின் சேவை பற்றி

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வாளையார் வட்டாரத்தில் வாழும் எங்களுக்குக் கார் சம்பந்தப்பட்ட நுட்பமான வேலை எதுவானாலும் கோவைதான் போக்கிடம். பந்தயக் கார்களைக் கட்டிப் பழகிய கைகள் உள்ள ஊர் அது, செட்டிப்பாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே அமைந்திருப்பதற்கும் அதுவே காரணம். அந்நகரின் மேற்குப் புறத்தில் உள்ள டியூனிங் பட்டறை ஒன்றில் என்னுடைய ஃபோக்ஸ்வாகன் போலோ 1.0 டிஎஸ்ஐ காரை டைனோவில் (காரின் திறனை அளக்கும் இயந்திரம்) ஏற்றி அளந்து பார்த்ததன் விளைவே இந்த மதிப்புரை. பட்டறையின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் அந்தத் தொழிலில் பரவலாக உள்ளவை, ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாகாது.

முதலில் சேவையைச் சொல்லிவிடுகிறேன். வேலை சுத்தமாக நடந்தது. டயர் காற்றைச் சரிபார்த்து, காரின் பின்பக்கத்தைப் பட்டை பெல்ட்டுகளால் தரையோடு இழுத்துக் கட்டி, முன்சக்கரங்களை ரோலர்மீது நேராக அமர்த்தி, ரேடியேட்டருக்கு எதிரே பெரிய ஃபேனை வைத்த பிறகே எஞ்சினைச் சூடேற்றத் தொடங்கினார்கள். பின்சக்கரங்கள் சுழலாமல் முன்சக்கரங்கள் மட்டும் ஓடுவதைக் கண்டு காரின் டிராக்‌ஷன் கட்டுப்பாடு (சக்கர வழுக்கலைத் தடுக்கும் அமைப்பு) குறுக்கிடாதபடி அதையும் முறையாக அணைத்தார்கள். நான்காம் கியரில் குறைந்த சுழற்சியிலிருந்து எல்லை வரை முழு ஆக்ஸிலரேட்டரில் ஓட்டினார்கள். கட்டணம் ஒரு நல்ல டயரின் விலையில் பாதிக்கும் குறைவு. இத்தனையும் பாராட்டத்தக்கவை.

பிறகு வண்ணத்தில் அச்சிட்ட சீட்டு வந்தது: 112 பிஎஸ் (குதிரைத்திறன்). "பாருங்ணா, கம்பெனி சொன்னதுக்கு மேலயே இருக்குது" என்றார் அளந்தவர். போலோவின் இந்த எஞ்சினுக்கு நிறுவனம் சொன்ன அளவு 110 பிஎஸ் திறன், 175 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்று விசை). சில ஆண்டுகள் ஓடிய கார், கோடை வெயிலில், மூடிய கொட்டகைக்குள், அறிவித்த அளவைவிட இரண்டு பிஎஸ் கூடுதலாகத் தருகிறது என்றால் மகிழ்வதற்கு முன் கணக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கணினியில் இருந்த மூல அளவைக் காட்டச் சொன்னேன். தயங்காமல் காட்டினார்கள். சக்கரத்தில் அளந்தது 88 பிஎஸ்.

88 எப்படி 112 ஆனது என்பதில்தான் டைனோவின் நம்பகம் பற்றிய கேள்வி முழுவதும் அடங்கியிருக்கிறது.

டைனோ நேரடியாக அளப்பது மிகக் குறைவு. எடை மட்டும் கொண்ட ரோலர் வகையில், ரோலரின் நிலைமத்திருப்புத்திறன் (சுழல வைப்பதை எதிர்க்கும் அளவு) முன்கூட்டியே தெரியும். கார் அதை எவ்வளவு விரைவாக வேகப்படுத்துகிறது என்பதிலிருந்து திறன் கணக்கிடப்படுகிறது. டைனோஜெட் நிறுவனத்தின் பழைய இயந்திரங்கள் இந்த வகையால்தான் புகழ்பெற்றன. மற்றொரு வகையில் ரோலரோடு எடி கரன்ட் பிரேக் (காந்தப்புலத்தால் இயங்கும் பிரேக்) இணைந்திருக்கும். அது காரை எதிர்த்து இழுக்கும்போது ஏற்படும் விசையை ஒரு லோடு செல் அளக்கிறது. மஸ்டாங், ஆஸ்திரேலியாவின் டைனோ டைனமிக்ஸ் போன்ற நிறுவனங்களின் டைனோக்கள் இந்த வழியில் வந்தவை. சக்கரங்களைக் கழற்றிவிட்டு ஹப்பிலேயே (சக்கரம் பொருந்தும் மையப் பகுதி) நேரடியாக இணைக்கும் வகையும் உண்டு. அதில் டயர் வழுக்கலுக்கும் டயர் நசுங்கலால் வரும் இழப்புக்கும் இடமில்லை. நான் சென்ற இடத்தில் இருந்தது பிரேக் வகை. ஒரே காரை இந்த மூன்றிலும் ஏற்றினால் மூன்று எண்கள் வரும், மூன்றுமே தத்தம் முறைப்படி சரியாகவும் இருக்கலாம். எனவே ஓர் ஊரில் அளந்த எண்ணை இன்னோர் ஊரில் அளந்த எண்ணோடு வைத்து வாதாடுவதில் பயனில்லை.

88-ஐ முதலில் உயர்த்தியது வானிலைத் திருத்தம். காற்று அடர்த்தி குறைந்தால் எஞ்சினுக்குள் போகும் ஆக்ஸிஜன் குறையும், திறனும் குறையும். எனவே எங்கு, எந்த நாளில் அளந்தாலும் ஒப்பிடத்தக்க எண் கிடைக்கும்படி அளவை ஒரு பொது நிலைக்கு மாற்ற வேண்டியுள்ளது. அமெரிக்கப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇயின் ஜே1349 விதியில் அந்தப் பொது நிலை 25 டிகிரி செல்சியஸ் வெப்பம், 990 மில்லிபார் உலர்காற்று அழுத்தம். கோவை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 411 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தம் 965 மில்லிபார் அளவில்தான் இருக்கும். கொட்டகைக்குள் வெப்பம் 35 டிகிரி, ஈரப்பதத்தின் பங்கு 25 மில்லிபார் என்று கொண்டால், அந்த விதியின் சூத்திரப்படி திருத்தக் காரணி சுமார் 1.08 வருகிறது. என் சீட்டின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததும் அதே எண்தான். 88 இவ்வாறு 95 ஆயிற்று.

இதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. திருத்தம் சில விழுக்காடு என்ற வரம்பைத் தாண்டினால் அந்தச் சோதனையை விதிப்படியான சோதனையாகக் கொள்ள முடியாது. ஆகவே எங்கள் பக்கத்துக் கோடையில், காற்றோட்டம் குறைந்த கொட்டகையில் எடுக்கும் அளவுகள் பலவும் அந்த வரம்பின் விளிம்பிலோ அதற்கு வெளியிலோ இருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், இந்தத் திருத்தம் அடிப்படையில் டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத பெட்ரோல் எஞ்சின்களின் போக்கை வைத்து அமைந்தது என்பதாகும். என் காரில் உள்ளது போன்ற டர்போ எஞ்சினில், வெளிக்காற்றின் அழுத்தம் சற்றுக் குறைந்தால் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) டர்போவைக் கூடுதலாகச் சுழலவிட்டு, உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தைக் குறித்த அளவுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. இழக்காத திறனை இழந்ததாகக் கருதி ஈடுகட்டும் கணக்கு அது. வெப்பத்தால் வரும் இழப்பு டர்போ காருக்கும் உண்டு என்பதால் திருத்தமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் உயரத்துக்காகச் சேர்க்கப்பட்ட பங்கு என் காரைப் பொறுத்தவரை பெரும்பாலும் காகிதக் குதிரைகள்தான். பழைய ஜெர்மானிய டிஐஎன் முறையோ, இன்னும் சில பட்டறைகள் விடாமல் வைத்திருக்கும் பழைய அமெரிக்க 'எஸ்டிடி' முறையோ தேர்வு செய்யப்பட்டிருந்தால் எண் இன்னும் ஏறியிருக்கும். எஸ்டிடி முறை ஜே1349-ஐவிட ஏறக்குறைய 4 விழுக்காடு கூடுதலாகக் காட்டும். மென்பொருளில் ஒரு சொடுக்கில் மாறிவிடும் விஷயம் இது.

95-ஐ 112 ஆக்கியது, எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையிலான இழப்பு. நிறுவனம் அறிவிக்கும் அளவு, எஞ்சினைக் காரிலிருந்து தனியே வைத்துச் சோதனைச்சாலையில் எடுக்கப்படுவது. கியர்பாக்ஸ், அச்சு, டயர் ஆகியவை அதில் வராதவை. முன்சக்கர இயக்கக் காருக்கு 15 விழுக்காடு இழப்பு என்பது பட்டறைகளில் வழங்கும் வாய்ப்பாடு. அதிலேயே இரண்டு வழிகள் உண்டு: 95-ஐ 0.85-ஆல் வகுத்தால் 111.8 வரும், 1.15-ஆல் பெருக்கினால் 109 வரும். இவர்கள் முன்னதைச் செய்து, மேல்நோக்கி முழுமையாக்கியிருக்கிறார்கள். உண்மையில் இந்த இழப்பு நிலையான விழுக்காடாக இருப்பதில்லை. பேரிங்குகளும் கியர் எண்ணெயைக் கலக்குவதும் எடுத்துக்கொள்ளும் திறன் வேகத்தைப் பொறுத்தது, பற்சக்கரங்களின் உராய்வு சுமையைப் பொறுத்தது, டயரின் பங்கு காற்றையும் பெல்ட்டை எவ்வளவு இறுக்கினார்கள் என்பதையும் பொறுத்தது. ரீமேப் செய்து (எஞ்சின் மென்பொருளை மாற்றி) எஞ்சின் திறனை 30 பிஎஸ் கூட்டிவிட்டால் அதே கியர்பாக்ஸ் அதே விகிதத்தில் கூடுதலாக விழுங்கும் என்பதற்கு எந்தக் கட்டாயமும் இல்லை. சில இயந்திரங்கள் ஓட்டம் முடிந்ததும் கிளட்ச்சை மிதித்து, ரோலர் மெதுவாக நிற்பதிலிருந்து இழப்பை அளக்கின்றன. அது வாய்ப்பாட்டைவிட மேலானது, ஆனாலும் சுமை இல்லாத நேரத்து இழப்பைத்தான் பிடிக்கும். இங்கே அதுவும் செய்யப்படவில்லை.

எனவே 112 என்ற எண், அளந்ததன்மேல் இரண்டு அனுமானங்கள் ஏறிய எண். நிறுவனத்தின் எண்ணுக்கு அருகில் அது வந்து நிற்பதை வாடிக்கையாளர் சரிபார்ப்பாக எடுத்துக்கொள்கிறார். அருகில் வந்து நிற்கும்படியாகவே இந்த வழக்கங்கள் பட்டறைகளில் நிலைத்துவிட்டன என்பது என் ஐயம். வானிலைத் திருத்தத்தை விட்டுவிட்டு, 15 விழுக்காட்டை மட்டும் ஒப்புக்கொண்டால் சுமார் 103 பிஎஸ் வரும். என் காரின் எஞ்சின் 103-க்கும் 112-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்பதற்கு மேல் அந்தச் சீட்டை வைத்து நேர்மையாக எதுவும் சொல்ல முடியாது. ஆலையிலிருந்து வெளிவரும் எஞ்சின்களுக்குள்ளேயே சில விழுக்காடு வேறுபாட்டை விதிகள் அனுமதிக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டார்க் அளவைப் பற்றி ஒரு குறிப்பு. சக்கரத்தில் வரும் திறனைக் கணக்கிட எஞ்சின் சுழற்சி எண் தேவையில்லை, ரோலர் போதும். ஆனால் எஞ்சின் டார்க்கைச் சொல்ல வேண்டுமானால் கிலோவாட்டை 9,549-ஆல் பெருக்கி ஆர்பிஎம்மால் (நிமிடத்துக்கான சுழற்சி எண்) வகுக்க வேண்டும். ஆர்பிஎம் தவறினால் டார்க்கும் தவறும். ஓபிடி இணைப்பிலிருந்து (காரின் கணினித் தகவலைப் படிக்கும் இணைப்பு) வரும் ஆர்பிஎம் சற்றுப் பின்தங்கி வருவதால், விரைந்து ஏறும் ஓட்டத்தில் வரைபடத்தின் தொடக்கப் பகுதி கோணலாக இருக்கும். அதை மறைக்க வளைவை மென்மையாக்கும் வசதியை அதிகமாக ஏற்றிவிட்டால் கோடு அழகாகும், எஞ்சினின் உண்மையான திணறல்களும் அதோடு மறையும்.

இத்தனைக்கும் பிறகு அந்த இயந்திரத்தை நான் நம்புகிறேனா என்றால், ஒரு விஷயத்தில் முழுமையாக நம்புகிறேன். அடுத்தடுத்து எடுத்த ஓட்டங்கள் ஓரிரு விழுக்காட்டுக்குள் ஒத்துப்போயின. தராசின் படிக்கல் சற்றுத் தவறாக இருந்தாலும் அதே தராசில் முன்னும் பின்னும் நிறுத்தால் கூடியதா குறைந்ததா என்பது தெரியும் அல்லவா, அதுபோல, ஒரே இயந்திரம், ஒரே நாள், ஒரே டயர், ஒரே டாங்க் பெட்ரோல் என்றால் வேறுபாட்டை டைனோ நன்றாகவே காட்டிக்கொடுக்கிறது. ஓட்டங்கள் கூடக் கூட என் காரின் எண் மெல்ல இறங்கியதும் அப்படித் தெரிந்ததுதான்: நெடுஞ்சாலையில் கிடைக்கும் காற்றை எந்த ஃபேனும் தர முடியாது, இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் பகுதி) சூடாகிறது, உள்ளே போகும் காற்று சூடாகிறது, நாக்கிங்கைத் (எரிபொருள் நேரம் தவறி எரிவது) தவிர்க்க ஈசியூ பற்றவைப்பு நேரத்தைப் பின்தள்ளுகிறது. பட்டறை சீட்டில் அச்சிட்டது முதலில் வந்த உயர்ந்த எண்ணை. நெல்லியாம்பதி ஏற்றத்தில் எனக்குக் கிடைக்கப்போவது கடைசியில் வந்த எண்ணுக்கு அருகில் இருக்கும்.

சாலைக்கு வரும்போது உச்சத் திறனைவிட வளைவின் வடிவமே பேசுகிறது. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவைத் தாண்டி இரண்டாம் கியரில் எழும்போது 5,000 ஆர்பிஎம்மில் என்ன இருக்கிறது என்பது பொருட்டல்ல. 1,800 முதல் 3,500 வரை கோடு எவ்வளவு உயரத்தில் ஓடுகிறது என்பதே பொருட்டு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட நான்கில் ஒரு பங்குக்கு அருகில் குறைவு. டர்போ இல்லாத காரும் டர்போ காரும் கோவை டைனோவில் ஒரே எண்ணைக் காட்டியிருந்தாலும் அங்கே அவை ஒன்றாக ஏறுவதில்லை. சீட்டில் இதற்கு இடமில்லை.

சீட்டைச் சரிபார்க்க ஒரு எளிய வழி உண்டு. கஞ்சிக்கோடு தொழிற்பேட்டைப் பக்கம் லாரிகளுக்கான எடைமேடைகள் இருக்கின்றன. ஓட்டுநரோடு காரை எடை போட்டால் உண்மையான எடை கிடைத்துவிடும். 1,200 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100-க்கு ஏற வேண்டுமானால் ஏறக்குறைய 167 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். அதை 3.5 வினாடியில் செய்தால் சராசரியாக 48 கிலோவாட். காற்றையும் டயர் உருளலையும் வெல்ல அந்த வேகத்தில் இதுபோன்ற சிறிய காருக்கு மேலும் 10 கிலோவாட் அளவில் செலவாகும். ஆக 58 கிலோவாட், அதாவது 79 பிஎஸ், சக்கரத்தில், சராசரியாக. சமதளத்தில், இரு திசையிலும் ஓட்டி, ஜிபிஎஸ் கருவியால் நேரம் எடுக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாயில் வீசும் காற்றுக்கு ஒரு திசையில் மட்டும் எடுத்த அளவு ஒன்றுக்கும் உதவாது. இதைப் போக்குவரத்துள்ள தேசிய நெடுஞ்சாலையில் செய்ய வேண்டாம், அதற்கென்று தடம் இருக்கிறது.

பட்டறையின் முதன்மை வருமானம் அளப்பதில் இல்லை, ரீமேப் விற்பதில் இருக்கிறது. மதிப்புரையில் இதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. முன் ஓட்டத்தை எஞ்சின் கொதிக்கும்போதும் பின் ஓட்டத்தை நன்கு ஆறிய பிறகும் எடுத்தால் மென்பொருளைத் தொடாமலேயே சில பிஎஸ் 'கிடைத்துவிடும்'. இங்கு அப்படி நடப்பதை நான் பார்க்கவில்லை. ஆனால் ரீமேப் செய்யும் எவரும் இரண்டு ஓட்டங்களிலும் உள்ளிழுத்த காற்றின் வெப்பம், கியர், திருத்தக் காரணி ஆகியவை சீட்டில் தெரியும்படி கேட்டு, திருத்தாத சக்கர அளவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து பார்க்க வேண்டும். கேரளப் பதிவு வண்டிக்காரர்களுக்கு இன்னொன்று: நிறுவனம் தந்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது, எங்கள் மோட்டார் வாகனத் துறை அதில் கெடுபிடியானது.

அளவெடுப்பதற்கு மட்டும் என்றால் இந்தப் பட்டறைக்குத் தாராளமாகப் போகலாம். கிளட்ச் வழுக்குகிறதா, டர்போ கசிகிறதா, சர்வீஸுக்குப் பின் திறன் மீண்டதா என்பதைக் கண்டறிய இதைவிடச் சிறந்த வழி அக்கம்பக்கத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. வெயில் ஏறுமுன் காலை முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். மூல அளவுகள் அடங்கிய கோப்பைப் பென் டிரைவில் தரச் சொல்லுங்கள். கேட்டவர்களுக்குக் கொடுக்கிறார்கள், கேட்காதவர்களுக்கு வண்ணச் சீட்டு மட்டும்தான்.