தக்கை காட்டும் திசை: சுழல்மேடைக் கருவி பற்றிய மதிப்புரை

வட்டப் பாதையில் மாறாத வேகத்தில் செல்லும் பொருளுக்கும் முடுக்கம் (வேகமோ செல்லும் திசையோ மாறும் வீதம்) உண்டு, அது மையத்தை நோக்கியே இருக்கும் என்பதை மாணவர்கள் எளிதில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் மனத்தளவில் ஏற்பதில்லை. அந்தத் தயக்கத்தைப் போக்குமா என்ற ஒரே கேள்வியோடுதான் இந்த ஆய்வகச் சுழல்மேடையைப் பயன்படுத்திப் பார்த்தேன்.

மோட்டாரால் சுழலும் ஒரு நீண்ட சட்டம். அதன் இரு முனைகளிலும் நீர் நிரப்பி மூடிய கண்ணாடிக் குடுவைகள். ஒவ்வொன்றின் அடியிலும் நூலால் கட்டப்பட்டு நீருக்குள் மிதக்கும் தக்கை. கருவி அவ்வளவுதான். சட்டம் சுழலத் தொடங்கியதும் தக்கைகள் வெளியே சாயும் என்றே பெரும்பாலோர் எதிர்பார்க்கிறார்கள். அவையோ ஒன்றையொன்று நோக்கி, அதாவது மையத்தை நோக்கிச் சாய்கின்றன. குடுவையின் வெளிச்சுவர் நீரை உள்நோக்கித் தள்ளுவதால் வெளிப்புறத்தில் நீரழுத்தம் கூடுகிறது. தக்கையின் பருமனளவு நீரை வட்டத்தில் திருப்பப் போதுமான அந்த அழுத்த வேறுபாடு, நீரைவிட இலேசான தக்கையை உள்ளே சாய்த்துவிடுகிறது. மையத்திலிருந்து 30 செ.மீ. தொலைவில் உள்ள குடுவை 2 விநாடிக்கு ஒருமுறை சுற்றினால் முடுக்கம் ஏறத்தாழ 3 மீ/வி², சாய்வு 17 பாகை. விநாடிக்கு ஒரு சுற்று என்றால் முடுக்கம் நான்கு மடங்காகி, சாய்வு 50 பாகையைத் தொடுகிறது.

என்னை மிகவும் கவர்ந்தது கருவி வேகமெடுக்கும் அந்தச் சில கணங்கள்தான். அப்போது தக்கை உள்நோக்கி மட்டுமன்றி, செல்லும் திசையில் முன்னோக்கியும் சாய்கிறது; வேகம் நிலைபெற்றதும் அந்த முன்சாய்வு மறைந்து, உட்சாய்வு மட்டும் எஞ்சுகிறது. தொடுகோட்டின் வழியே, அதாவது பொருள் அக்கணத்தில் செல்லும் கோட்டிலேயே, முடுக்கம் சிறிதளவேனும் இருந்தால் வேகம் கூடவோ குறையவோ செய்யும். வேகம் மாறவில்லை என்றால் முடுக்கம் திசைவேகத்துக்கு (திசையோடு சேர்த்துச் சொல்லும் வேகத்துக்கு) செங்குத்தாகவே இருந்தாக வேண்டும். பாதை வளைவது உட்புறமாக என்பதால் முடுக்கமும் உட்புறமே. இவ்வளவையும் கரும்பலகையில் விளக்க நேரம் பிடிக்கும்.

உடன் வரும் ஒளிபுகும் தாள்களும் பயனுள்ளவை. வட்டத்தின் இரு புள்ளிகளில் வரைந்த சம நீளத் திசைவேக அம்புகளை ஒரே இடத்திலிருந்து தொடங்குமாறு பொருத்தி, இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்து, கிடைக்கும் அம்பை வில்லின் நடுப்புள்ளியில் வைத்தால் அது நேராக மையத்தைச் சுட்டுகிறது.

குறைகளும் உண்டு. குறைந்த வேகத்தில் மோட்டார் சீராக ஓடுவதில்லை. சீரான வட்ட இயக்கத்துக்கென்றே விற்கப்படும் கருவிக்கு இது சிறிய குறையன்று. அதைவிட மோசமானது கையேடு: தரையில் நின்று பார்ப்பவரின் நோக்கில் வரைந்த படத்தில், சுழலும் பொருளின்மீது வெளிநோக்கி ஓர் அம்பை வரைந்து மையவிலக்கு விசை என்று குறித்திருக்கிறார்கள். அந்த விசை சுழலும் சட்டத்தோடு சேர்ந்து சுழல்பவரின் கணக்கில் மட்டுமே வரும். தரையிலிருந்து பார்க்கும்போது உள்நோக்கிய விசை ஒன்றே உண்டு, அதுவே பொருளைத் தொடுகோட்டின் வழியே போய்விடாமல் திருப்புகிறது. அந்தப் பக்கத்தைத் திருத்தாமல் கையேட்டை மாணவர்களிடம் கொடுக்க வேண்டாம்.