கோபர் கேஸ்: இரும்பு டிரம்மா, செங்கல் டோமா?

நாலஞ்சு மாடு இருக்கு, கோபர் கேஸ், அதான் சாணில இருந்து அடுப்புக்கு கேஸ் எடுக்குற பிளான்ட், போடலாமான்னு கேட்டா யோசிக்காம போடுங்கன்னுதான் சொல்வேன். 25 கிலோ சாணிக்கு சுமாரா ஒரு கன மீட்டர் கேஸ் வரும், அது கிட்டத்தட்ட 430 கிராம் சிலிண்டர் கேஸுக்கு சமம், அப்ப தினம் 50 கிலோ போடுற 2 கன மீட்டர் பிளான்ட் ஒழுங்கா ஓடுனா மாசம் ஒன்றரை சிலிண்டருக்கு மேலயே மிச்சம். வெளிய வர்ற கரைசல் தோட்டத்துக்கு ஆச்சு. இதுல பேச ஒண்ணுமில்ல, எந்த மாடல் கட்டுறதுங்கறதுலதான் எங்க வீட்லயே ரெண்டு கட்சி.

எங்கப்பா 1986ல கட்டுனது காதி மாடல், சாணிக் கரைசல் தொட்டி மேல இரும்பு டிரம் மிதக்குறது. நான் அத மூடிட்டு அஞ்சு வருசம் முன்னாடி கட்டுனது தீனபந்து, முழுக்க செங்கல் சிமென்ட்ல மண்ணுக்குள்ள புதைஞ்சு கெடக்குற டோம். ரெண்டையும் ஓட்டிப் பாத்தவன்ங்கறதால சொல்றேன், என் ஓட்டு டோமுக்குத்தான்.

ஆனா டிரம்ம மட்டம்னு சொல்ல முடியாது. கேஸ் சேர சேர டிரம் மேல ஏறும், எரிக்க எரிக்க எறங்கும், அதோட எடைதான் கேஸ தள்ளுது, அதனால அடுப்புல தீ முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரே மாதிரி நிக்கும். எங்கம்மா காலைல வாசல்ல நின்னு டிரம் எவ்வளவு ஏறி நிக்குதுன்னு ஒரு பார்வை பாத்துட்டுத்தான் பருப்பு போடலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணும். கரைசல் மேல ஆடை மாதிரி கட்டிக்கிட்டா டிரம்ம புடிச்சு ரெண்டு சுத்து சுத்திவிட்டா ஒடைஞ்சிரும். இந்த வசதியெல்லாம் டோம்ல கெடையாது.

பிரச்சன துருதான். சாணி கேஸ்ல பாதிக்கு மேல மீத்தேன், மிச்சத்துல பெரும்பங்கு கார்பன் டை ஆக்சைடு, கூடவே கொஞ்சூண்டு ஹைட்ரஜன் சல்பைடு, அழுகுன முட்டை நாத்தம் அதோடதுதான், ஈரத்தோட சேர்ந்தா அது இரும்ப விடாது. அதுலயும் டிரம் எறங்கி ஏறுற இடம் இருக்கே, கரைசல்ல பாதி நேரம் காத்துல பாதி நேரம், அங்கதான் முதல்ல அரிக்கும். வருசத்துக்கு ஒருக்கா டிரம்ம வெளிய தூக்கி சுரண்டி கழுவி காயவச்சு பெயிண்ட் அடிக்கணும், தூக்க ஏழெட்டு ஆளு வேணும், அன்னைக்கு வேலைக்கு வர்றவங்களுக்கு கூலி, சாப்பாடு, பெயிண்ட் காய்ற வரைக்கும் அடுப்பு கெடையாது. அப்பா இருந்த வரைக்கும் தவறாம செஞ்சாரு. அதுக்கப்புறம் நான் ரெண்டு வருசம் தள்ளிப் போட்டேன், என் தப்புதான், மூணாவது வருசம் டிரம் ஓரத்துல பொத்தல். ஒட்டு வச்சோம், அதுக்குப் பக்கத்துலயே இன்னொண்ணு. புது டிரம் விலைய கேட்டப்பதான் புரிஞ்சுச்சு, பிளான்ட் செலவுல பெரிய பங்கே அந்த டிரம்தான். ஃபைபர் டிரம் துருப்புடிக்காது, ஆனா விலை அதைவிட கூட.

தீனபந்துல துருப்புடிக்கிற டிரம்மே இல்ல. 1984ல அஃப்ப்ரோங்கற அமைப்பு கொண்டுவந்த டிசைன் இது, இரும்பு டிரம்ம எடுத்துட்டு செலவ கொறைக்கணும்ங்கறதுதான் நோக்கமே. கேஸ் டோமுக்குள்ள சேரும்போது கரைசல அமுக்கி வெளித்தொட்டிப் பக்கம் ஏத்தும், அடுப்ப திறந்தா அந்தக் கரைசல் திரும்ப எறங்கி கேஸ தள்ளும். அதனால கேஸ் நெறைய இருக்கப்ப தீ சீறும், தீரத் தீர சோம்பும், எங்கம்மாவுக்கு இது இன்னும் புடிக்கல. இப்ப வெளித்தொட்டில கரைசல் எவ்வளவு ஏறி நிக்குதுன்னு பாத்து கணக்கு போட பழகிருச்சு.

அஞ்சு வருசத்துல நான் பண்ணுன பராமரிப்புன்னா பைப்புல சேர்ற தண்ணிய எடுத்துவிடுறது, ஒரு தடவ ஹோஸ் மாத்துனது, அவ்வளவுதான். ஆனா உள்ள போறத பாத்துக்கணும், வைக்கோல் மண்ணு கல்லு எல்லாம் எடுத்துட்டு சரிக்குச் சரி தண்ணி ஊத்திக் கரைச்சு விடணும், கட்டுத்தரைய பினாயில் போட்டுக் கழுவுன தண்ணி போகவே கூடாது, கேஸ் உண்டாக்குற பாக்டீரியா செத்துரும். அடைச்சுக்கிச்சேன்னு எந்த மாடல் தொட்டிக்குள்ளயும் ஆளு எறங்கவே கூடாது, உசுரு போயிரும்.

டோம்ல எல்லாமே கொத்தனார் கைலதான் இருக்கு. உள்பூச்சுல மயிரிழை வெடிப்பு விட்டா கேஸ் பூரா காத்தோட போயிரும், வெளிய ஒண்ணும் தெரியாது, அடுப்பு மட்டும் எரியாது. வீடு கட்டுற கொத்தனாருக்கு இது பழக்கமில்லாத வேலை, ஏற்கெனவே நாலு டோம் கட்டி அது இப்பவும் ஓடுதான்னு பாத்துட்டு ஆள புடிங்க. நான் 40 கிலோமீட்டர் தள்ளி இருந்து ஆள் கூட்டிட்டு வந்தேன். கட்டி முடிச்சதும் உள்ள தண்ணி நெரப்பி மட்டம் எறங்குதான்னு பாத்துட்டுத்தான் சாணி விட்டோம். ஆரம்பத்துல வர்ற கேஸ் தீப்புடிக்காது, அத வெளிய விட்டுரணும், எங்களுக்கு நீலத்தீ வர மூணு வாரம் ஆச்சு.

எங்களுது செம்மண், அதுவும் மேட்டு நிலம். கரிசல் மண்ணு ஈரத்துக்கு உப்பி வெயிலுக்கு சுருங்கும், டோம் அத எப்படித் தாங்கும்ங்கறதுல எனக்கு அனுபவம் இல்ல. கரிசக்காட்டுக்காரங்க என் பேச்ச மட்டும் நம்பி குழி தோண்டிராதீங்க, உங்க மண்ணுல டோம் வச்சு பத்து வருசம் ஓட்டுனவங்க இருந்தா அவங்க அடுப்ப ஒருக்கா போய் பாத்துட்டு வாங்க.